கால்சியம் டப்பா

குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே டாக்டர் கேட்டார். "பால் குடிக்கக்கூட முழிக்கலையா? தாய் ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா? பேரைச் சொன்னாத்தான் பால்ல எவ்வளவு இறங்கியிருக்கும்னு நான் கணிக்க முடியும்."

குழந்தையின் தாய் பூங்கோதையின் பார்வை மாமியாரின் பைக்குப் போனது. மாமியார் முந்திக்கொண்டார்.

"கால்சியம் மட்டும்தான் டாக்டர். அவ அம்மா வீட்லேருந்து கொண்டுவந்த டப்பா. ஒண்ணுதான் போடுவா, மாத்திரையிலகூட கஞ்சத்தனம்! பால் குடுக்கிற உடம்பாச்சேன்னு, போன வாரத்துலேருந்து நானே ரெண்டு ரெண்டா கையில வெச்சு, விழுங்கற வரைக்கும் பக்கத்துல நிக்கறேன்."

விழுங்கத்தான் விழுங்கினாள். மறுத்தால் ஏன் என்று கேட்பார்களே.

டாக்டர் இன்னும் பலமாகச் சுண்டினார். குழந்தை அழவில்லை.

"வேற ஏதாவது இருந்தா சொல்லு கோதை" என்றான் கணவன்.

மாமியாரின் பைக்குள்ளிருந்து டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள். நிமிர்ந்து யாரையும் பார்க்க முடியவில்லை.

"டப்பாதான் கால்சியம், அத்தை. உள்ள இருக்கறது வலிப்பு மாத்திரை. பள்ளிக்கூடத்துலேருந்தே எனக்கு வலிப்பு வரும். பொண்ணு பார்க்க வந்தப்ப, அப்பா சொல்ல வேண்டாம்னுட்டார்."