ஒன்பது மூட்டை

பாதி கட்டிய வீடு ஒன்றில் ஒன்பது சிமெண்ட் மூட்டைகள் அடுக்கிக் கிடந்தன. ஜன்னலுக்கு விட்ட இடைவெளியில், சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டு ஒன்று கயிற்றில் தொங்கியது. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த மூட்டை அதனிடம் தினமும் கேட்கும்.

“அண்ணே, கொத்தனாருங்க வர்றாங்களா?”

“இல்லடா. பதினொரு பேரும் எதிர் மனையில சும்மாதான் உட்கார்ந்திருக்காங்க. அங்கே சிமெண்ட் இல்லையாம்.”

“நாங்க இங்கே இருக்கோமே! ரோட்டைத் தாண்டினா போதுமே.”

“மேஸ்திரி நோட்டுல அவங்களை அந்த மனைக்கு எழுதியிருக்கு. உங்களை இந்த மனைக்கு எழுதியிருக்கு.”

“தரை ஈரம் ஏறுதண்ணே. ஒரு மூலை இறுகிப்போச்சு. நான் ஒரு சுவராவது ஆகணும்.”

“பொறுடா. நான் பிறந்ததிலிருந்து தொங்கிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“உனக்கென்ன, இரும்பு. எத்தனை நாள் ஆனாலும் இரும்புதான்.”



மழை பத்தொன்பது நாள் பெய்தது. மூட்டையின் குரல் தடித்துக்கொண்டே போனது. வந்து இறங்கிய எழுபதாம் நாள் ‘அண்ணே’ என்று மட்டும் சொன்னது.

எண்பத்திரண்டாம் நாள் மேஸ்திரி நோட்டில் ஒரு வரியை அடித்து மாற்றி எழுதினார். பதினொரு கொத்தனார்களும் ரோட்டைத் தாண்டி வந்தார்கள்.

“தம்பி, வந்துட்டாங்கடா!” என்று கத்தியது தூக்குக்குண்டு.

மூட்டை பேசவில்லை. கொத்தனார் ஒருவர் கரண்டிப் பிடியால் அதைத் தட்டினார். கல்லைத் தட்டிய சத்தம் கேட்டது. மற்ற எட்டும் அப்படியே.

புது சிமெண்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, மூட்டைகளை நிழலுக்கு உருட்டிப் போட்டார்கள். ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். இடம் இல்லாமல் இரண்டு பேர் நின்றார்கள்.