பலகையை விடாத நத்தைகள்

ஓடைக்கரையில் நத்தைப் பிள்ளைகளுக்கென்று ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருந்தது. தவளை டீச்சர்தான் அங்கே பாடம் நடத்தினாள்.

ஒருநாள் முயல் அதிகாரி வந்தார். "நாலைந்து பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் நடத்த நிதி இல்லை. இதை மூடிவிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய பள்ளியோடு சேர்க்கப் போகிறோம். கொஞ்ச தூரம்தான். நாலு தாவு தாவினால் போய்விடலாம்" என்றார்.

"தாவுறது நீங்க சார். எங்க பிள்ளைங்க ஊர்ந்து போய்ச் சேர்றதுக்குள்ள பரீட்சையே முடிஞ்சிடும்" என்றாள் செவந்தி என்ற தாய் நத்தை.

முயல் அதைக் காதில் வாங்காமல் கரும்பலகையைக் கழற்றப் போனார். பக்கத்துச் சுவரில் இருந்த செவந்தி அப்படியே பலகைமேல் ஏறி ஒட்டிக்கொண்டாள். அவளோடு சுவரில் இருந்த மற்றத் தாய்மாரும் ஏறி ஒட்டிக்கொண்டார்கள். முயல் இழுத்துப் பார்த்தார், பிய்த்துப் பார்த்தார். ஒருத்தியும் அசையவில்லை.

"நாளைக்கு ஆட்களோடு வருவேன்!" என்று அவர் மூச்சு வாங்கக் கத்தினார்.

"வாங்க சார். எங்களுக்கு வேகமாப் போகவும் தெரியாது, பிடிச்சதை விடவும் தெரியாது" என்றாள் செவந்தி.

முயல் போனதும் தவளை டீச்சர் சாக்பீஸை எடுத்தாள். தாய்மாருக்கு நடுவே பலகையில் மிச்சமிருந்த இடத்தில் அன்றைய பாடத்தை எழுதத் தொடங்கினாள்.