நீலவார்ச் செருப்பு

காவல் நிலையத்தை மாதம் ஒருமுறை பார்வையிடும் பொதுமக்கள் குழுவில் மருந்துக்கடை மரியபுஷ்பமும் ஒருத்தி. லாக்கப்பை எட்டிப் பார்த்து, உள்ளே எத்தனை பேர் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஏழு மாதமாக லாக்கப் காலி. ஏழு மாதமாக அவளும் பூஜ்யம் போட்டு வந்தாள். ஆனால் கம்பிக் கதவுக்கு வெளியே, உள்ளே போகிறவர்கள் கழற்றிவிடும் இடத்தில், ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. நீல வார். முதல் மாதம் புத்தம் புதிதாக இருந்தது. பிறகு மாதத்துக்கு மாதம் குதிகால் தேய்ந்துகொண்டே வந்தது. செருப்பைப் பற்றி எழுதப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

இன்றும் லாக்கப்பில் யாரும் இல்லை. செருப்பின் வார் அறுந்து, அதில் ஊக்கு குத்தியிருந்தது.

"இது யாரோடது, கொம்பையா?"

"யாரோ விட்டுட்டுப் போனது மேடம்" என்றார் ஸ்டேஷன் ரைட்டர் கொம்பையா, தலை நிமிராமல். "நீங்க எப்பவும் போடுறதப் போடுங்க."

மரியபுஷ்பம் குனிந்து செருப்பைத் தொட்டாள். இப்போதுதான் காலிலிருந்து கழற்றியதுபோல வெதுவெதுப்பாக இருந்தது. திரும்பி வந்து பதிவேட்டில் 'ஒன்று' என்று எழுதினாள்.

"மேடம், அத அடிச்சிடுங்க." ரைட்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "உங்க கால்ல விழுறேன்."

அவள் கையெழுத்துப் போட்டாள்.

லாக்கப் பக்கமிருந்து, ஆள் இல்லாமல், செருப்புச் சத்தம் மட்டும் கிளம்பியது. டப் டப்பென்று வந்து, அவளருகே ஒரு நொடி நின்று, வாசலுக்குப் போனது. அங்கே பாரா நின்ற காவலர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்.