ஓரத்துக் கண்ணி

பாதி பின்னிய மஃப்ளர் ஒன்று இரண்டு ஊசிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஓர் ஊசியின் பின்பக்கக் குமிழ் எப்போதோ கழன்று போயிருந்தது. அந்த ஓரத்தில்தான் நம் கண்ணிக்கு, ஒரு சின்னக் கம்பளி வளையத்துக்கு, இடம் கிடைத்தது.

முன்பெல்லாம் கம்பளி நூல் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் நுழைந்து ஓரம்வரை வரும். இப்போது பாதியிலேயே திரும்பிவிடுகிறது. அடுத்த முறை அதற்கும் முன்னாலேயே. ஓரத்துக் கண்ணிக்கு மனசு விட்டுப்போயிற்று.

“என்னை மறந்தாச்சு. நான் கழண்டுக்கிறேன்.”

“தாராளமா,” என்றது ஊசி. “பிடிச்சு நிறுத்த என்கிட்ட குமிழும் இல்லை. போறதுக்கு முன்னால ஒரு தரம் கீழே பார்த்துக்கோ.”

கண்ணி பார்த்தது. அதன் காலைப் பிடித்தபடி ஒரு கண்ணி, அதன் காலைப் பிடித்தபடி இன்னொன்று, அடிவரை அப்படியே. இது நழுவினால் அத்தனையும் அவிழும். முணுமுணுத்துக்கொண்டே ஊசியை இறுகப் பற்றிக்கொண்டது.

ஒருநாள் நூல் திரும்பாமல் நேரே வந்து அதற்குள் நுழைந்தது.

“இவ்வளவு நாள் அந்தப் பக்கமே சுத்தினேனா, மஃப்ளர் எப்படிச் சாய்ஞ்சு வளர்ந்திருக்கு பார், இறக்கை மாதிரி. இனிமே இந்தப் பக்கம்தான் வேலை. அந்த ஓரம் காத்திருக்கணும்,” என்றது நூல்.

கொஞ்ச நேரத்தில் எதிர் ஓரத்திலிருந்து அழுகை கேட்டது. “என்னை மறந்தாச்சு.”

நூல் இப்போதைக்கு அங்கே போகாது. நம் கண்ணி பக்கத்துக் கண்ணியை மெல்ல இடித்தது.

“அந்த ஓரம்வரைக்கும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் சொல்லி அனுப்புங்க. அவனைக் கீழே பார்க்கச் சொல்லுங்க.”