சிவப்பு நூல்

சான் பிரான்சிஸ்கோவில், ஆண்கள் ஆண்களோடு குடித்தனம் நடத்திய அந்தத் தெருவுக்கு, மகன் எய்ட்ஸ் நோயில் இறந்து ஒரு வருடம் கழித்துத்தான் செண்பகவல்லியால் வர முடிந்தது. மகனோடு வாழ்ந்த சுதர்சன் அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தான். எதிரே வந்த வெள்ளைக்கார இளைஞனின் சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் சிவப்பு நூலில் தைக்கப்பட்டிருந்தது.

“இது நான் தைச்சதுல்ல?”

“ஆமாம்மா. இங்க செத்துப்போனவங்க சட்டைய இருக்கறவங்க போட்டுக்குவோம்.”

“நீ இந்தத் தம்பிக்கா குடுத்தே?”

“இல்லம்மா. நான் குடுத்தவனும் போயிட்டான்.”

சட்டை அந்த இளைஞனுக்குத் தொளதொளவென்று தொங்கியது. செண்பகவல்லி அவனை நிறுத்தி, திறந்து கிடந்த அந்தப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

“குளிருதுப்பா” என்றாள், தமிழிலேயே.

அவள் கையை எடுக்கட்டும் என்று அவன் அசையாமல் நின்றான். அவள் எடுக்கவில்லை.