காது கொடுத்தவர்

“கூப்பிட்டாத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், அழுத்தக்காரர்” என்று வீடே பேர் வைத்திருந்த மாமனாருக்கு, ஆபரேஷனுக்குப் பிறகு குழாய் சொட்டுகிற சத்தம்கூடக் கேட்டது.

“வயசானா அப்படித்தான்னு எல்லாரும் விட்டுட்டாங்க. காதுக்குள்ள எலும்பு வளர்ந்து அடைச்சிருக்கும்னு உனக்கு எப்படிம்மா தோணுச்சு?” என்று மருமகளைக் கேட்டார்.

“எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருக்கார் மாமா. உங்களை மாதிரியே கடல்ல முங்கிச் சிப்பி எடுத்தவர். குளிர்ந்த தண்ணியிலேயே கிடந்து, அவர் காதுலயும் எலும்பு வளர்ந்திருக்கு. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பொறி தட்டுச்சு.”

“அடடே, நம்ம தொழில்காரரா! அவருக்கு ஆபரேஷன் ஆச்சா?”

“நாங்க அவரைப் பார்த்தப்பவே காலம் கடந்துபோச்சு மாமா.”

“ஐயோ பாவம். நேர்ல பார்த்து நன்றி சொல்லியே ஆகணும்.”

மறுநாள் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, ஆரஞ்சுப் பழங்களோடு மருமகளின் பின்னால் போனார். அவள் ஆய்வறை மேஜையின் மேலிருந்த வெள்ளைத் துணியை விலக்கினாள்.

ஒரு மண்டையோடு. அருகில் ஒரு சீட்டு: ‘கடலோரச் சிப்பி மேட்டில் தோண்டியெடுத்தது. ஐயாயிரம் ஆண்டுப் பழமை.’

மாமனார் பழப்பையை மேஜைமேல் வைத்தார். குனிந்து, அந்தக் காதுத் துளையருகே வாயைக் கொண்டுபோய், கட்டடமே அதிரக் கத்தினார்.

“ரொம்ப நன்றி அண்ணே!”

“மாமா, மெதுவா!”

“சும்மா இரும்மா. காது கேக்காதவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு எனக்குத் தெரியாதா?”