நிசாந்தனை விசாரிக்க வந்தவர்

வந்தவன் தீப்பெட்டி ஒன்று வாங்கினான். சிகரெட் வாங்கவில்லை.

பரராசசிங்கத்தாருக்கு அது போதும். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தைக் கழித்தாலும், மடத்துவெளிச் சந்தியில் முப்பது வருசமாகக் கடை வைத்திருக்கிறவர். தேவையில்லாத சாமான் வாங்குகிறவன் யாரையோ விசாரிக்க வந்தவன் என்று அவருக்குத் தெரியாதா?

"இஞ்சை நிசாந்தன் எண்டு ஒரு பெடியன். ஆள் எப்பிடி ஐயா?"

அதுதானே பார்த்தேன் என்று அவர் மேசை லாச்சியைத் தள்ளி மூடினார்.

நிசாந்தனை விசாரிக்க இரண்டு பக்கத்திலிருந்து ஆள் வர இருந்தது. பலாலி விமான நிலையத்தில் அவனுக்கு வேலை சரி. ஆனால் கொழும்பிலிருந்து பாதுகாப்பு அனுமதி வந்தால்தான் உள்ளே கால் வைக்கலாம். எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மற்றப் பக்கம் கலியாணப் பேச்சு.

"கிளியறன்சுக்கெண்டாலும் கலியாணத்துக்கெண்டாலும் வாறவை முதல் உங்கடை கடைக்குத்தான் வருவினம், அண்ணை. என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கை உங்கடை வாயிலைதான் கிடக்கு" என்று தாய் சறோஜினிதேவி மூக்கைச் சிந்திச் சிந்திச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

இவன் எந்தப் பக்கம்?

ஒரே பார்வையில் ஆளை நிறுத்துப் பார்த்தார். மடிப்புக் குலையாத சேட். நெற்றியில் சந்தனம். பேச்சும் எங்கடை தீவுப் பேச்சு. சந்தேகமேயில்லை, பெண்வீட்டுக்காரன்.

சரக்கை விரித்தார்.

"தம்பி, நீர் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்."

பெடியனுக்குச் சொந்தக்காரர் இல்லாத நாடே இல்லை என்றார். தமையன் பாரிஸ், சித்தப்பன் கனடா, மாமிமார் மூன்று பேர் சுவிஸ். அவன் வாய் திறந்தால் போதும், என்னவும் பறந்து வரும். ஊர்ச் செல்வாக்கோ, ஒரு விசிலுக்கு நூறு பெடியள் வந்து நிற்பாங்கள். கடல் அவனுக்கு வீட்டு முற்றம். வெளிச்சமே இல்லாமல் நெடுந்தீவுக்குப் படகு விட்டுத் திரும்பி வருவான். கோயில் திருவிழாவுக்கு வெடி, வாணம் எல்லாம் அவன்ரை கைவேலை. போதாததற்கு, பறக்கிற கமரா ஒன்றை ஏவித் தீவு முழுக்க மேலேயிருந்து படம் எடுத்து வைத்திருக்கிறான்.

வந்தவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வேர்வை துடைக்க லேஞ்சியை இழுத்தான்.

லேஞ்சியோடு ஓர் அட்டையும் வந்து மேசையில் மல்லாந்து விழுந்தது. அட்டையில் சிங்கம். பக்கத்தில் அவன் படம். கீழே, பாதுகாப்பு விசாரணை உத்தியோகத்தர் என்று மூன்று மொழியிலும்.

பரராசசிங்கத்தார் தான் சொன்னதையெல்லாம் திரும்பக் கணக்குப் பார்த்தார். வெளிநாட்டிலிருந்து பறந்து வருகிறது. நூறு பெடியள். இருட்டுப் படகு. வெடி. பறக்கிற கமரா. விமான நிலையத்துக்குப் போக இருந்த பெடியனுக்குத் தன் வாயாலேயே விலங்கு பூட்டிவிட்டாரே!

ஆனால் வியாபாரி வியாபாரிதான். வாங்க வருகிறவனிடம் முதல்தரம் என்ற சாமானை, வரி பார்க்க வருகிறவனிடம் உக்கல் என்று சொல்லாமல் எவன் கடை நடத்துகிறான்?

"சேர், நிக்கிறியள், இந்தக் கதிரையிலை இருங்கோ. நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லிப்போட்டன்."

பாரிஸ் தமையன் இவனோடு கதைத்து ஏழு வருசம். கனடாச் சித்தப்பன் சித்தப்பனே இல்லை, ஒரே பேர்க்காரன். சுவிஸ் மாமிமாருக்கு இப்படி ஒருத்தன் பிறந்ததே தெரியாது. நூறு பெடியளோ? அவன் விசிலுக்கு நாய்கூடத் திரும்பாது. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகில் போகிற கால்மணி நேரத்துக்குள் இரண்டு தரம் சத்தி எடுப்பான். வெடிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு சாமியறைக்குள் ஓடுவான். அந்தக் கமரா பறந்த முதல் நாளே பனையில் மோதிச் செத்தது.

"மூளையும் மெல்லத்தான் சேர் ஓடும். ஒரு ரகசியத்தைச் சொன்னால் அவனுக்கே விளங்காது. பிறகெங்கை வெளியிலை சொல்லுறது?"

ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு பல்லாக வந்தவனின் சிரிப்புக் குறைந்துகொண்டு வந்தது. கடைசியில் வாய் மூடியே விட்டது.

பரராசசிங்கத்தார் நெஞ்சைத் தடவிக்கொண்டார். ஆளுக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. பெடியன் தப்பினான்.

"கிளியறன்ஸ் போன வெள்ளிக்கிழமையே சரி, ஐயா" என்றான் அவன், அட்டையை எடுத்துப் பொக்கற்றில் வைத்தபடி. "கிராம விதானையிட்டையும் பள்ளிக்கூடத்திலையும் கேட்டு நான்தான் எழுதினனான், நல்ல பெடியன் எண்டு. கடிதம் நாளைக்கோ நாளண்டைக்கோ வரும். இண்டைக்கு எனக்கு லீவு. கரம்பொன்னிலை என்ரை தங்கச்சி இருக்கிறா, துஷாந்தி. ரீச்சர். அவவுக்குத்தான் விசாரிக்க வந்தனான்."

பரராசசிங்கத்தார் தீப்பெட்டிக் காசைத் திருப்பி நீட்டினார்.

"ஆனால் ஒண்டு. கிளியறன்சை வருசா வருசம் புதுப்பிக்க வேணும். அதுக்கு விசாரிக்கவும் நான்தான் வருவன். அதாலை கேக்கிறன். நீங்கள் முதல் சொன்னது மெய்யோ, பிறகு சொன்னது மெய்யோ?"

முதல் சொன்னது மெய்யென்றால் வேலை போச்சு. பிறகு சொன்னது மெய்யென்றால் பெண் போச்சு. கேட்கிற ஆளோ ஒன்று.

பரராசசிங்கத்தார் தொண்டையைச் செருமினார். விலை படியாமல் எவரையும் அவர் இந்தச் சந்தியிலிருந்து போகவிட்டதில்லை.

"தம்பி, தங்கச்சிக்கு நான் முதல் சொன்னதைச் சொல்லும். கொழும்புக்குப் பிறகு சொன்னதை எழுதும்."

வந்தவன், வந்ததிலிருந்து முதல்முறையாக, பேனையை எடுத்தான்.

"பிறந்த திகதி ஃபைலிலை கிடக்கு" என்றான். "பிறந்த நேரத்தை மட்டும் தாயிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ."